வாடைக் காலத்துத் திருகோணமலை

"உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை" என்னும் வாக்கியத்தை வகுப்பறையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பாடநூல் அவ்வாறு கூறுகின்றது. வினாத்தாள் அதனையே கேட்கின்றது. மாணவரும் அதனையே எழுதிப் புள்ளி பெறுகின்றனர். நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். எமது பாடசாலையில் வரலாறு கற்பித்தவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் அப்பாடமும் என் தலையில் விழுந்தது. ஆதலின் மேற்படி வாக்கியத்தை ஐயுறுவதற்கு எனக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. சென்ற தவணையில் பின்வாங்கில் இருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், அவ்வளவு நல்ல துறைமுகமெண்டால் கப்பலெல்லாம் ஏன் கொழும்புக்குப் போகுது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் ஏதோ விடை கூறினேன். அவ்விடை அவனுக்கும் திருப்தி தரவில்லை, எனக்கும் தரவில்லை.

டிசெம்பர் விடுமுறையில் திருகோணமலைக்குப் புறப்பட்டமைக்கு அந்த வினாவே காரணம். "மாரிக்குள்ளே யாராவது அங்கே போவார்களா?" என்று நண்பர்கள் கேட்டனர். அவர்கள் கேட்டதும் நியாயந்தான். உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் செல்வது மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரையே. அப்போது கிழக்குக் கடல் கண்ணாடிபோற் கிடக்கும். ஒக்டோபர் பிறந்து காற்றுப் பெயர்ந்ததும் விடுதிகள் வெறிச்சோடிவிடும். ஆனால் அந்நகரின் வரலாற்றை அறிய விரும்புவோன் மழைக்காலத்திலேயே அங்கு செல்லவேண்டும் என்பதைச் சென்றபின்னரே உணர்ந்தேன்.

வவுனியா கடந்ததும் மழை தொடங்கிவிட்டது. ஹொரவப்பொத்தானைப் பாதையின் இருபுறமும் வயல்கள் நீருள் நின்றன. குளங்கள் வான் பாய்ந்தன. நகரை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆயினும் கடைகளில் விளக்கேற்றியிருந்தனர். குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இங்கே கிடையாது. வாடைக்காற்று ஈரத்தோடு வந்து சட்டையைத் துளைக்கும் அவ்வளவே. பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லும்போது புள்ளிமான்கள் மரத்தடியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நனைந்து நின்றன. மறுநாள் அதிகாலை கோணேசர் கோயிலில் திருவெம்பாவை ஓதும் ஒலியைக் கடலின் இரைச்சல் அடிக்கடி விழுங்கியது. ஏழாம் நூற்றாண்டிலே இம்மலையைப் பாடிய திருஞானசம்பந்தர் கடலோசையைப் பாட்டிலே வைத்தமை ஏன் என்பதை மாரியில் வந்தவனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

கோட்டையிலிருந்து இறங்கி ஒல்லாந்தர் குடாக் கரைக்கு வந்தேன். அலை கலங்கி மண்ணிறமாகக் கரையை அறைந்துகொண்டிருந்தது. படகுகள் மேட்டிலே இழுத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து நகரின் குறுக்கே கால் மணி நேரம் நடந்தால் உட்துறைமுகம். அங்கே கடல் ஊர்க்குளம்போல் அசையாமல் கிடந்தது. மழைத்துளி விழும் வட்டங்களை எண்ணக்கூடிய அளவுக்கு அமைதி. ஒரே நகரம், ஒரே நேரம், ஒரே மழை, கடலோ இரண்டு. திருகோணமலையின் நானூறாண்டு வரலாறு முழுவதும் இந்தக் கால் மணி நேர நடையுள் அடங்கியிருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது.

இதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையை, அதாவது சோழமண்டலக் கரையை, நோக்குவோமாயின், அது நேர்கோடு இழுத்தாற்போன்ற மணற்கரை. சென்னைப்பட்டினமாயினும் புதுச்சேரியாயினும் நாகபட்டினமாயினும் பெருங்கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கவேண்டும். சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகுகளிலே அலையைக் கடந்து கரை சேர்க்கவேண்டும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது சிரமமான காரியமேயன்றி ஆபத்தான காரியமன்று. வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். காற்றும் அலையும் புயலும் கடலிலிருந்து கரையை நோக்கி வரும். நங்கூரம் அறுந்த பாய்க்கப்பலுக்குக் கரையில் மோதுவதன்றி வேறு வழியில்லை. ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதியில் சென்னைக் கோட்டையின் கொடியை இறக்கிவிடுவது வழக்கமாயிருந்தது. கப்பல்கள் இனி இங்கே நிற்கலாகாது என்பதே அதன் பொருள். டிசெம்பர் நடுப்பகுதி வரை அக்கரை கப்பலற்ற கரையாயிருக்கும்.

எச்சரிக்கையை மதியாதவர் பட்ட பாட்டுக்குச் சான்றுகள் பல. 1746 செப்டெம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே அங்கேயே தங்கிப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஒக்டோபர் நடுவில் ஓரிரவு எழுந்த புயல் அவனது கப்பற்படையைச் சிதறடித்தது. எந்தப் பீரங்கியாலும் இயலாததை ஓரிரவு வாடை செய்து முடித்தது. 1761ஆம் ஆண்டு பிறந்த நாளன்று புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதி நேர்ந்தது; சில கப்பல்கள் ஏறத்தாழ மாலுமிகள் அனைவரோடும் மூழ்கின.

இக்கரைக்கு அண்மையில், எக்காற்றுக்கும் அஞ்சாது பெருங்கப்பல்கள் ஒதுங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது திருகோணமலை. ஆங்கிலேயருக்குப் பம்பாயிலே நல்ல துறையும் கப்பல் திருத்தும் வசதியும் இருந்தன. ஆனால் ஒக்டோபரிலே குமரிமுனையைச் சுற்றிப் பம்பாய்க்குச் சென்ற கப்பற்படை மீண்டும் சோழமண்டலக் கரைக்கு வந்துசேர ஏப்பிரல் ஆகிவிடும். அத்தனை மாதங்கள் அக்கரை காவலின்றிக் கிடக்கும். திருகோணமலையை வைத்திருப்பவனோ மாரியை அங்கே கழித்துவிட்டுத் தை பிறந்ததும் எதிரியின் வாசலில் நிற்கலாம். எனவே அவர்கள் போரிட்டது துறைமுகத்துக்காக மட்டுமன்று. ஆண்டிலே மூன்று மாதங்களுக்காகவே போரிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எமது பாடநூல்கள் தீவையும் குடாவையும் ஆழத்தையும் வருணிக்கின்றன; காற்றை மறந்துவிடுகின்றன.

மாரிப்புயல் இத்தீவின் வரலாற்றிலே ஆடிய விளையாட்டுக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலேயக் கப்பலின் நடுப்பாய்மரம் புயலில் முறிந்தது. திருத்துவதற்காக அதனைக் கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவந்தனர். மூதூர்ப் பக்கத்தில் இறங்கியவர்களைக் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவனே கப்பற்றலைவனின் மகன் றொபேட் நொக்ஸ். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தான். மகன் ஏறத்தாழ இருபதாண்டுகள் மலைநாட்டில் இருந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் இலங்கைத் தீவைப் பற்றிய நூலை வெளியிட்டான். பதினேழாம் நூற்றாண்டுக் குடியானவனின் உணவையும் உடையையும் உழவையும் அறிவதற்கு நாம் இன்றும் அந்நூலையே புரட்டுகின்றோம். பாய்மரம் முறிந்திராவிடின் அது எழுதப்பட்டிராது.

இனி, கோட்டையின் கதை. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624 அளவில் இங்கே கோட்டை கட்டினான். கயல் பொறித்த கல்லும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் கோட்டை வாயிலின் சுவரிலே பதிந்திருக்கின்றன. மழையில் நனைந்த அக்கல்லின் எழுத்துக்கள் வெயிற்காலத்திலும் பார்க்கத் தெளிவாகத் தெரிகின்றன என்று அங்கு நின்ற ஒருவர் கூறினார். 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசனின் துணையோடு கோட்டையைப் பிடித்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. 1665இல் மீண்டும் வந்து அரண் அமைத்தனர். 1672இல் பிரெஞ்சுக்காரன் டி லா ஹே கொட்டியாரக் குடாவில் வந்திறங்கினான். ஒல்லாந்தர் அவனை விரட்ட, அவன் போய் மயிலாப்பூர்ச் சாந்தோமைப் பிடித்தான்.

மலையுச்சியிலே வழிகாட்டுவோர் இவற்றைக் கூறுவதிலும் பார்க்க, பிரான்சினா வான் றீடு என்னும் ஒல்லாந்தப் பெண் காதலன் பிரிந்து சென்றமையாற் பாறையிலிருந்து கடலிற் குதித்தாள் என்ற கதையையே விரும்பிக் கூறுகின்றனர். அப்பெண் பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். குதிக்காத ஒருத்திக்குத் தூண் நிற்கின்றது. இக்கோட்டைக்குக் கல் சுமந்தவருள் ஒருவனுடைய பெயரும் எங்கேயும் பொறிக்கப்படவில்லை.

1782ஆம் ஆண்டை மட்டும் சற்று விரிவாகக் கூறவேண்டும். எல்லாவற்றையும் அது விளக்கிவிடுகின்றது. அமெரிக்கச் சுதந்திரப் போரிலே ஒல்லாந்தும் ஆங்கிலேயருக்கு எதிரணியிற் சேர்ந்திருந்தது. ஆங்கிலேயத் தளபதி எட்வேட் ஹியூஸ் 1781 நவம்பரில் நாகபட்டினத்தைப் பிடித்த கையோடு, சென்னைச் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு, ஜனவரி முற்பகுதியிலே திருகோணமலைக்கு வந்தான். 11ஆந் திகதி துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் வீழ்ந்தது. கண்டியரசனின் நட்பைப் பெறுவதற்காக ஹியூ பொய்ட் என்பானைத் தூதனுப்பினர்; தூது பலிக்கவில்லை. ஓகஸ்ட் மாத இறுதியிலே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திடீரென வந்து துறைமுகத்தைப் பறித்தான். ஹியூஸ் செப்டெம்பர் 2ஆந் திகதி வந்துசேர்ந்தபோது கோட்டையின் மீது பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் நடந்த கடற்போரில் இரு பக்கத்திலும் இரத்தம் பெருகியது. துறைமுகம் மட்டும் கைமாறவில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே முக்கியமானது. ஒக்டோபர் வந்தது. ஒதுங்க இடமற்ற ஹியூஸ் 15ஆந் திகதியளவிற் சென்னையை விட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டான். அதே வேளையில் வீசிய புயலிலே சென்னைக் கரையில் அரிசி ஏற்றி நின்ற நாட்டுக் கப்பல்கள் பல நொறுங்கின. ஹைதர் அலியுடனான போரினால் ஏற்கெனவே பஞ்சம் பரவியிருந்த நாடு அது. கும்பனிக் கணக்கிலே அது சரக்கு நட்டம். சென்னைத் தெருக்களிலே அது உயிர் நட்டம்.

வென்றவனாகிய சஃப்ரன் எங்கே மாரியைக் கழித்தான்? திருகோணமலையிலன்று. சுமாத்திராவின் அச்சே துறைக்குச் சென்றான். உலகின் சிறந்த துறைமுகம் தன் கையில் இருக்க, கடல் கடந்து அவன் ஏன் போனான்? அங்கே உணவு கிடைக்கும். நோயுற்ற மாலுமிகள் தேறுவர். காற்றைப் பயன்படுத்தி விரைவில் திரும்பவும் கூடும். அவன் கணக்குச் சரியாகவே இருந்தது. 1783 ஜனவரியில் அவன் இந்தியக் கரையில் நின்றான். ஹியூஸ் சென்னைக்கு மீண்டதோ ஏப்பிரலில்.

இங்கேதான் மாணவனின் வினாவுக்கு முதல் விடை கிடைக்கின்றது என எண்ணுகின்றேன். துறைமுகம் என்பது நீரின் ஆழம் மட்டுமன்று; அதன் பின்னே நிலம் வேண்டும், நெல் வேண்டும், மனிதர் வேண்டும். கொட்டியாரமும் தம்பலகாமமும் பழைய நெற்களஞ்சியங்களே. ஆனால் கடலிலிருந்து வந்தவர்களுக்கும் கண்டியரசனுக்கும் இடையே நடந்த இழுபறியிலே அந்நாட்டுப்புறம் நசிந்திருந்தது. குளங்கள் தூர்ந்து கிடந்தன. கந்தளாய்க் குளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் திருத்தப்பட்டது. பீரங்கியைக் கொண்டுவந்தவர்கள் ஒருவராயினும் மண்வெட்டியைக் கொண்டுவரவில்லை. பல நூறு பீரங்கிகளைத் தாங்கிய கப்பற்படையை மூன்று மாதம் ஊட்டுவதற்கு அத்துறைமுகத்தின் பின்புலத்தால் இயலவில்லை என்றால், அதற்குக் கடலைக் குறைகூறிப் பயனில்லை.

1783இல் சமாதானம் ஏற்பட்டது. திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடியும் அதனைப் பிடித்தனர். 1802ஆம் ஆண்டு ஆமியன்ஸ் உடன்படிக்கையிலே தாம் பிடித்தவற்றுட் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இலங்கைக் கரையோரத்தை விடவில்லை. அவ்விறுக்கமான பிடியின் அடியிலே வாடைக்காற்று இருந்தது. இத்துறைமுகம் இல்லாதிருந்தால் பிரித்தானியர் இலங்கையை இத்துணை ஆவலோடு பற்றியிருப்பரா என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கத்தக்க ஒரு வினா.

பிறகு நூறாண்டுக்கு மேலாகத் திருகோணமலை கடற்படையின் ஊர். 1817இல் பம்பாயிலே தேக்குமரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பலொன்றுக்கு இந்நகரின் பெயரையே சூட்டினர். அக்கப்பல் இங்கிலாந்தில் ஹாட்டில்பூல் என்னும் ஊரிலே இன்றும் பழுதின்றிப் பேணப்படுகின்றது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாப் போரின்போது இறந்தான். அவனது கல்லறை இந்நகரத்துச் சுடுகாட்டிலே இருக்கின்றது. தன் கதைகளிலே கடற்படை வீரர்களைக் கண்ணியமான மாப்பிள்ளைகளாகக் காட்டியவள் அவள். அம்மாப்பிள்ளைகளின் செல்வம் எந்தக் கடலில் ஈட்டப்பட்டது என்பதை அறிய இங்கே வரவேண்டும்.

இரண்டாவது விடை நீராவியோடு வந்தது. நீராவிக்கப்பலுக்குக் காற்றின் அடிமைத்தனம் குறைவு. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1867இலேயே கண்டிக்குப் புகையிரதப் பாதை இடப்பட்டிருந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கின. இயற்கைத் துறைமுகமே அல்லாத கொழும்பிலே 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி, 1885இல் அதனை முடித்தனர். சென்னையிலும் 1876இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது, 1881 நவம்பர்ப் புயல் அதனைப் பெரிதும் அழித்தது, மீண்டும் கட்டினர். அதாவது, இலாபம் எங்கே இருந்ததோ அங்கே கடலையே தடுத்துத் துறைமுகம் செய்தனர். கடல் இலவசமாகத் தந்த துறைமுகத்துக்கு ஒரு புகையிரதப் பாதை 1927இல்தான் வந்து சேர்ந்தது. சிறந்த துறைமுகம் எது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. தோட்ட முதலாளியின் பேரேடு தீர்மானிக்கின்றது. இதனைப் பாடநூலில் எங்கேனும் ஓர் அடிக்குறிப்பாகவேனும் கண்டதில்லை.

கடற்படைக்கும் அது நிரந்தர ஊரன்று. 1905இல், செலவைக் குறைத்துக் கப்பல்களைத் தாய்நாட்டின் அருகே குவிக்கவேண்டும் என்று இலண்டனில் முடிவெடுத்தவுடன் திருகோணமலைக் கப்பற்றளத்தை மூடிவிட்டனர். முதலாம் உலகப் போரின் பின், கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது, மீண்டும் வந்தனர். சீனன்குடாவின் காட்டுக்குள் இராட்சத எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஒரு தாங்கியின்மேல் விமானமொன்று வீழ்ந்து வெடித்தது. தீ பல நாட்கள் எரிந்தது. அன்றே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

உட்துறைமுகத் தெருவிலே மழைக்காக ஒதுங்கிய தேநீர்க் கடையொன்றில் எழுபது கடந்த ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய தந்தையார் கப்பற்றளத்திலே கொதிகலன் திருத்துபவராக இருந்தவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் ஒரே சங்கொலிக்கு வாயிலுக்குள் நுழைந்ததைத் தந்தையார் அடிக்கடி சொல்வாராம். "வெள்ளைக்காரன் போகவேணுமெண்டுதான் அப்பாவும் கொடி பிடிச்சவர் மாஸ்டர். போன பிறகு வேலையும் போட்டுது. ரெண்டும் சரிதான், என்ன செய்யிறது?" என்றார். 1947 நவம்பரிலே கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. இடதுசாரிகள் அதனைப் பாதிச் சுதந்திரம் என்று கண்டித்து வந்தனர். 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு பேச்சு நடத்தி, 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி திருகோணமலைத் தளத்தையும், நவம்பரிலே கட்டுநாயக்காவையும் பெற்றுக்கொண்டது. ஒக்டோபர் 15! சென்னையிலே கொடி இறக்கும் நாள். நாள் குறித்தவர்கள் இதனை அறிந்திருக்க நியாயமில்லை.

தளம் வந்தது, தளத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்று வாழ்வு வரவில்லை. எந்த அரசும் கப்பற்றளத்து உழைப்பாளரின் கைத்திறனை நாட்டின் மூலதனமாகக் கருதவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1980இலே கோதுமை மா ஆலை வந்தது. பின்னர் சீமெந்து வந்தது. அதற்கிடையிலே போரும் வந்துவிட்டது.

மாரிக்கால நினைவுகளே அந்நகரில் அதிகம். 1964 டிசெம்பர் 22ஆந் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய புயல் அன்றிரவே பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை. 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, இதே கடற்கரையிலே காந்தி சிலைக்கு அருகில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019இல் நீதிமன்றம் சந்தேகநபர்களை விடுவித்தது. என் வகுப்பில் இருப்போரின் வயதுக்குச் சற்று மூத்த பிள்ளைகள். அவ்விடத்தைக் கடக்கும்போது குடையை மடக்கினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒல்லாந்தர் குடாவில் படகொன்றின் அடியிலே குந்தியிருந்து வலை பொத்திக்கொண்டிருந்த மீனவரிடம் கடலைப் பற்றிக் கேட்டேன். "வாடை விழுந்தாக் கடல் எங்களுக்கில்லை மாஸ்டர். தை பிறக்கட்டும்" என்றார். கரையோரத்து வாடிகள் வெறுமையாய்க் கிடந்தன. கச்சான் காற்றுக் காலத்திலே மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் கிழக்குக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர், ஒக்டோபரோடு திரும்பிவிடுவர். அவ்வருகையையொட்டிய சச்சரவுகளும் பழையனவே. ஆயினும் தளபதிகள் நூற்றாண்டுகளாக உயிரைக் கொடுத்துக் கற்ற காற்றுக்கணக்கை இம்மக்கள் கப்பற்படையின்றியே அறிந்திருந்தனர். அதற்கேற்ப வாழ்வையும் வகுத்திருந்தனர். கடற்போர் வரலாறு எழுதிய பேராசிரியர்கள் இவர்களிடம் ஒருநாள் பேசியிருந்தால் பக்கங்கள் சில மிச்சமாகியிருக்கும்.

திரும்பும் நாளன்று சீனன்குடாப் பக்கம் சென்றேன். காட்டு மரங்களுக்கு மேலே துருவேறிய கூரைகள் தெரிந்தன. எஞ்சியிருப்பவை 99 தாங்கிகள். 2003இல் இந்தியன் எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனிக்கு அவை குத்தகைக்கு விடப்பட்டன; பெரும்பாலானவை அதன் பின்னும் பயன்படாமலே கிடந்தன. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை கைச்சாத்தானது.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் வகுப்பிலே இவற்றையெல்லாம் கூறினேன். காற்றை வரைந்தேன், அச்சேயை வரைந்தேன், கொழும்பு அணையையும் வரைந்தேன். இரண்டு பாடவேளைகள் போயின. வினா எழுப்பிய மாணவன் இம்முறை வகுப்பைச் சிரிக்கவிடவில்லை. "சேர், அப்ப அந்தத் தாங்கியள் இப்ப ஆருக்குச் சொந்தம்?" என்றான். கரும்பலகையிலே 24, 14, 61 என்று எழுதினேன். 24 எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனிக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அவன் கொப்பியிலே கூட்டிப் பார்த்துத் தலையாட்டினான். அறுபத்தொன்றில் 51 வீதம் யாருக்கு, 49 வீதம் யாருக்கு என்று நான் விளக்கத் தொடங்குமுன் கணித ஆசிரியர் வாசலில் வந்து நின்றார்.